துண்டுக்குள் வைத்த கை

அந்த நிகழ்ச்சியில் என் செவலைப் பசு பதினோரு தடவை வருகிறது. அவற்றில் நான்கு தடவை வருவது என் பசு அல்ல. என் பசுவுக்கு இடது கொம்பின் நுனி கொஞ்சம் முறிந்திருக்கும். அந்த நான்கு இடங்களில் மட்டும் கொம்பு முழுசாக இருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. "டி.வி.யிலயே காட்டிட்டான், நீங்க இல்லைங்கிறீங்க" என்கிறார்கள். அந்த மாட்டை ஆறு வருடம் வளர்த்தவன் நான். சாட்சி டி.வி.யாம்.

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கே தொற்றிக்கொண்ட எண்ணும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் நானூற்றுப் பன்னிரண்டு எட்டு நடை. ஒரு நாளைக்கு விழுங்கும் மாத்திரை ஏழு. அந்த நிகழ்ச்சியை இதுவரை ஐந்து முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கையில் பென்சிலோடு.

ஊர் ஊராகப் போய், மக்கள் எதை எப்படி வாங்குகிறார்கள், விற்கிறார்கள் என்று காட்டும் நிகழ்ச்சி அது. ஆரம்பத்திலேயே 'எல்லாமே நிஜம்' என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். நானும் என் மனைவியும் அதை வாரம் தவறாமல் பார்த்தவர்கள்தான். ஒருவர் பழைய காரை விற்பார், இன்னொருவர் பேரம் பேசுவார், முடியாது என்று எழுந்து போவார், கதவு வரை போய்த் திரும்புவார், விலை படிந்துவிடும். ஒவ்வொரு வாரமும் கதவு வரை போய்த்தான் திரும்புவார்கள். எண்ணுகிறவனான எனக்கு அதுகூட உறைக்காமல் போனதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மாட்டை விற்க வேண்டி வந்தது என் மனைவியின் முழங்காலால். கீழே குந்த முடியவில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் பால் பீச்ச ஆளைத் தேடினேன். இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேருமே ஆண்கள். செவலை இருவரையும் உதைத்துத் தள்ளியது. அதற்குப் பெண் கை பழகிவிட்டது. சேலை வாசம் இல்லாமல் மடியைத் தொடவிடாது. மாடு அப்போது ஆறு மாதச் சினை வேறு.

"வித்துருங்க" என்றாள் என் மனைவி. "ஆனா பொம்பளை கைக்குத்தான் போகணும். லாரியில ஏத்திப் போறவனுக்குக் குடுத்துட்டு வந்தீங்கன்னா, வீட்டுக்கு வராதீங்க, அப்படியே சந்தையிலயே இருந்துக்கங்க."

எங்களுக்குத் தெரிந்த தரகர் ஒருவர் உண்டு. அவர் திருவரங்குளம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்து வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் துபாயில். வீட்டில் ஏற்கெனவே ஒரு மாடு. சந்தையில் அந்தப் பெண் செவலையின் பல்லைப் பார்க்கவில்லை, சுழியைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குந்தி மடியில் கை வைத்தார். மாடு திரும்பிப் பார்த்துவிட்டு அசை போட ஆரம்பித்தது. எனக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது.

எங்கள் பக்கம் மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை. ஒரு துண்டைக் கையின் மேல் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். ஒரு விரல் எவ்வளவு, பாதி விரல் எவ்வளவு என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நூறு பேர் நிற்பார்கள், அவர்கள் பார்ப்பது ஒரு துண்டைத்தான். கேட்ட விலையும் குறைத்த விலையும் யாருக்கும் தெரியாது, அதனால் யாருக்கும் தலைக்குனிவு இல்லை. பெண்ணுக்காகத் தரகர் துண்டுக்குள் கை வைத்தார். மூன்று முறை பிடித்தார், இரண்டு முறை போதாது என்று விரலை மடக்கினேன், மூன்றாவது முறை படிந்தது. பிடித்த விரலை விட்டுவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு வேறு யார் கையும் அந்த மாட்டுக்காகத் துண்டுக்குள் போகக் கூடாது.

மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை. வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவருவார். பழைய கயிறு எங்கள் வீட்டுக்குத் திரும்பும். அந்தப் பெண் கொண்டுவந்த கயிறு முரடாக இருந்தது. "நனைச்சு எடுத்துட்டு வாரேங்கய்யா, கழுத்தை அறுத்துரும்" என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். தரகர் டீ குடிக்கப் போனார். என் தவறு நடந்தது அந்தப் பத்து நிமிடத்தில்.

கேமராவோடு நான்கு பேர் வந்தார்கள். நாங்கள் வாரந்தோறும் பார்க்கிற அதே நிகழ்ச்சி. பொறுப்பாக இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், காதில் ஒயர், கையில் தண்ணீர் பாட்டில்.

"சார், நீங்க துண்டு போட்டதைப் பாத்தோம். சூப்பரா இருந்துச்சு. திரும்ப ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க."

"வியாபாரம் முடிஞ்சுருச்சுங்களே."

"முடிஞ்சதைத்தான் சார் காட்டப் போறோம். வாங்குறது நம்ம ஆளுன்னு வெச்சுக்குவோம். சும்மா நடிங்க."

நம்ம ஆள் என்பவர் சலவை வேட்டி கட்டியிருந்தார். வேட்டியில் மடிப்பு கலையவில்லை, விலைச் சீட்டு ஒட்டிய பசை கூட இருந்தது. அப்போதே மறுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன். தலையைக் கையால் படிய வாரிக்கொண்டேன். எழுபத்து நான்கு வயதில் டி.வி.யில் வரப்போகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

முதல் முறை, "துண்டைக் கொஞ்சம் தூக்குங்க சார், விரல் தெரியல" என்றார்கள். விரல் தெரிந்தால் துண்டு எதற்கு என்றேன். இரண்டாவது முறை யாரோ பைக்கில் ஹாரன் அடித்துவிட்டான். மூன்றாவது முறை அந்த வேட்டிக்காரர் துண்டுக்குள் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கை கொடுப்பதுபோல் குலுக்கினார். அது எங்கள் கணக்கில் எந்த விலையும் இல்லை. சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடு நிமிர்ந்தபோது, நனைத்த கயிறு சொட்டச் சொட்ட அந்தப் பெண் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"வேற ஆளு கை வச்சாச்சு. எனக்கு வேணாங்கய்யா."

"தாயி, இது நடிப்பும்மா. டி.வி.க்காரங்க கேட்டாங்கன்னு..."

"எங்க வீட்டுக்காரரு வெயில்ல காஞ்சு அனுப்புன காசு. அதை எடுத்துக்கிட்டு நடிக்கிற எடத்துக்கு வரலைங்க நானு."

ஈரக்கயிற்றைச் சுருட்டி ஒயர்க்கூடையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். தரகர் டீ டம்ளரோடு ஓடிவந்தார். நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"நடிப்புன்னு ஒங்களுக்குத் தெரியும் சர்வேயர் சார். துண்டுக்குத் தெரியுமா? அந்தப் புள்ளைக்காக நான் புடிச்ச விரலு என்னாச்சு? நாளைக்கு எவன் எனக்குக் கை குடுப்பான்?"

அந்த நேரத்தில் எனக்கு முன்னால் இருந்தவை மூன்று. கெட்டுப்போன என் வாக்கு. வேறு பெண் கை கிடைக்காத மாடு. சற்றுத் தள்ளி, வாலை உயர்த்திக் கட்டிய மாடுகளோடு நின்றிருந்த அடிமாட்டு லாரி. நான் முளையிலிருந்து செவலையை அவிழ்த்து, அந்தப் பெண் போன திசையில் நடந்தேன். எழுபத்து நான்கு வயதுக்காரனும் சினை மாடும் எவ்வளவு வேகம் போக முடியும்? ஆனாலும் போனோம்.

பின்னாலிருந்து பொறுப்பாளர் கத்தினார். "சார், சார், அங்கிட்டு போனா ஃப்ரேம்ல வரமாட்டீங்க!"

"ஒங்க ஃப்ரேமுக்குள்ள நின்னதுதான் தப்பு!" என்று நானும் கத்தினேன்.

பஸ் நிறுத்தம் இருநூற்று அறுபது எட்டு. பஸ் இன்னும் வரவில்லை. அந்தப் பெண் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாட்டோடு போய் நின்றேன். மூச்சு வாங்கியது. தப்பு என்னுடையது என்றேன். இந்த மாட்டை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், நீங்கள் வேண்டாம் என்றால் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன், அங்கே எனக்கு என்ன நடக்கும் என்பது வேறு விஷயம் என்றேன். அதைக் கேட்டு லேசாகச் சிரித்தார்.

"அப்ப என்கிட்ட நேர்ல துண்டு போடுங்க."

பின்னாலேயே வந்த தரகர் பதறினார். "பொம்பளைப் புள்ள துண்டுக்குள்ள கை வைக்கிறதாவது? நான் எதுக்கு இருக்கேன்?"

"டீ குடிக்க இருக்கீகண்ணே. மாட்டுல பீச்சப்போறது இந்தக் கைதானே? இந்தக் கை வைக்கட்டும்."

நிறுத்தத்தில் இருந்த ஒன்பது பேரும் இதைக் கேட்டார்கள். கேமராக்காரர் மட்டும் தனியாக ஓடிவந்து தோளில் கேமராவைத் தூக்கினார். "அதை அங்கிட்டு திருப்புங்க" என்றார் அந்தப் பெண், சத்தம் போடாமல். கேமராக்காரர் ஒரு நொடி பார்த்தார். பிறகு இறக்கித் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டார். அந்த நான்கு பேரில் அவர் ஒருவர் மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை.

தோளில் கிடந்த துண்டைக் கையின் மேல் போட்டேன். ஐம்பது வருடமாகச் சந்தைக்குப் போகிறேன், ஒரு பெண்ணின் கை துண்டுக்குள் வந்து பார்த்ததில்லை. காய்த்துப்போன கை, ஈரம் காயாத கை. தரகர் பிடித்த அதே விரல்களை வரிசை மாறாமல் பிடித்தார். நான் தலையசைத்தேன். அவர் விரலை விடவில்லை. கடைசி விரலில் பாதியை மடக்கினார்.

"இது ஒங்க நடிப்புக்கு" என்றார்.

தரகர் என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு குறைந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நியாயம் என்றும் தெரியும். விரலை விடச் சொன்னேன். பழைய கயிற்றை நான் அவிழ்த்தேன், ஈரக்கயிற்றை அவர் கட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொன்னபோது, விலை என்ன என்று கேட்டாள். அவள் முந்தானையை இழுத்துக் கையின் மேல் போட்டு, விரலைப் பிடித்துக் காட்டினேன். "பொம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றாள். பாராட்டியது என்னை அல்ல.

ஐந்து வாரம் கழித்து நிகழ்ச்சி வந்தது. வேட்டிக்காரர் என் துண்டுக்குள் கை வைக்கிறார். நான் சிரிக்கிறேன். திரையில் மஞ்சள் எழுத்தில் ஒரு விலை வருகிறது, எந்தச் சந்தையிலும் எந்தச் செவலைக்கும் யாரும் கொடுத்திராத விலை. "போதும், விட்டுருங்க" என்று நான் சொல்கிறேன். அது சட்டையில் மைக்கைக் குத்தும்போது சொன்னது. அதை வெட்டி எடுத்து, விலைக்குச் சம்மதித்ததாக ஒட்டியிருக்கிறார்கள். பிறகு நான் கண்ணைத் துடைக்கிறேன், வயலின் அழுகிறது, 'பிரிய மனமில்லாத விவசாயி' என்று எழுத்து வருகிறது. கண்ணில் இருந்தது சொட்டு மருந்து. நான் விவசாயியும் இல்லை. கடைசியில் வேட்டிக்காரர் ஒரு செவலையை ஓட்டிக்கொண்டு போகிறார், முழுக்கொம்போடு, பழைய கயிற்றோடு. எங்கள் பக்கத்து ஆள் எவனாவது பழைய கயிற்றோடு மாட்டைக் கொடுப்பானா? அந்தக் கயிறு என் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. அந்தப் பெண்? இருபத்து மூன்று நிமிடத்தில் ஒரு நொடிகூட இல்லை.

சேனலுக்கு ஆறு முறை போன் செய்தேன். ஆறாவது முறை அந்தப் பொறுப்பாளர் கிடைத்தார். "சார், மக்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. மாட்டைத் திரும்பப் போய்ப் பாக்குற மாதிரி இன்னொரு எபிசோடு பண்ணலாமா?" என்றார். மாடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அதை ஏற்பாடு பண்ணிக்கலாம் சார்" என்றார். 'எல்லாமே நிஜம்' என்ற மூன்று சொல்லில் ஒன்றையாவது எடுத்துவிடுங்கள் என்று கத்தினேன். இருப்பது இரண்டே சொல்; கோபத்தில் எனக்கே எண்ணிக்கை தப்பிவிட்டது. போனை வைத்துவிட்டேன்.

அதற்குள் திருவரங்குளத்திலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டார். "அய்யா, இங்க ஒரே வம்பா இருக்கு. டி.வி. மாட்டை அந்த வேட்டிக்காரருல்ல வாங்கிட்டுப் போனாரு, ஒன் வீட்டுக்கு எப்படி வந்துச்சு, களவாண்டியாங்கிறாக. சிரிச்சுக்கிட்டுத்தான் கேக்குறாக, ஆனா கேக்குறாகல்ல."

மறுநாள் காலை பஸ் ஏறினேன். இரண்டு பஸ், பதினேழு நிறுத்தம். பையில் பழைய கயிறு. அவர் வீட்டு வாசலில் செவலை கட்டிக் கிடந்தது, முறிந்த கொம்போடு. என் குரலைக் கேட்டதும் காதைத் திருப்பியது. தெருவில் பதினான்கு பேர் கூடிவிட்டார்கள். டி.வி.யில் வந்த ஆள் அல்லவா. நான் கொம்பைக் காட்டினேன், கயிற்றைக் காட்டினேன். இந்த மாட்டை விற்றவன் நான், வாங்கியது இந்தத் தாயி, பஸ் நிறுத்தத்தில் துண்டு போட்டு, இவர் கையாலேயே விரல் பிடித்து வாங்கினார் என்று சொன்னேன். தொண்டை கட்டிக்கொள்ளும் அளவுக்குச் சொன்னேன்.

"அப்ப டி.வி.யில போட்ட வெலை?" என்று ஒருவர் கேட்டார்.

"பொய்."

"நெச வெலை எவ்வளவுங்க?"

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. "அய்யா சொல்ல மாட்டாக" என்றார்.

"அதைச் சொன்னாத்தான நம்புவோம்" என்றார் கேட்டவர்.

"அப்ப நம்பாதீங்க" என்றேன்.

இந்தக் கட்டுரையில் கொம்பை எண்ணியிருக்கிறேன், எட்டை எண்ணியிருக்கிறேன், பஸ் நிறுத்தத்தில் இருந்த தலைகளை எண்ணியிருக்கிறேன். அந்த விலையை மட்டும் எழுதவில்லை. அது இரண்டு பேர் துண்டுக்குள் வைத்துக்கொண்ட எண். இப்போதும் டீக்கடையில் அந்த மஞ்சள் விலையைச் சொல்லி என்னைச் சீண்டுகிறார்கள். நான் தோளிலிருந்து துண்டை எடுத்து நீட்டுகிறேன். "மாடு வாங்குறதா இருந்தா கையை வைங்க" என்கிறேன். இதுவரை யாரும் வைக்கவில்லை.