எலும்பில்லாத சூப்பு

சூப்பு விற்கிறவன் பாடு, பசிக்கும் ஆகாமல் தாகத்துக்கும் ஆகாமல் நடுரோட்டில் நிற்கிற பாடு. அதிலும் உருளைக்கிழங்குச் சூப்பு என்றால் கேட்கவே வேண்டாம். என்னைப் போல விளக்கு வைத்த பிறகு தொழிலுக்குக் கிளம்புகிற சனங்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஆறுதலாக வேண்டுமானால் இருக்கும்.

வயசில் பாதியை நூல் மில்லின் ராத்திரி ஷிப்டில் கழித்தவன் நான். மில்லை மூடிவிட்டார்கள். பகலில் தூங்கியே பழகின உடம்பு பொழுது சாய்ந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். சும்மா உட்கார்ந்தால் மனசு கண்டதையும் நூற்கும். அதனால் செல்போனைப் பார்த்துச் சமையல் படித்தேன். ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டு அடுப்படியில் இந்தச் சூப்பை வைத்துக்கொண்டிருந்தான். அவன் பேசினது ஒன்றும் புரியவில்லை. கிழங்கு மட்டும் புரிந்தது. வெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் நிறம் மாறாமல் வதங்க வேண்டும். சீவின கிழங்கைப் போட்டு, முங்கத் தண்ணீர் விட்டு, உடையும் வரை வேகவைத்து, மத்தால் மசித்து, பால் ஊற்றிச் சிறு தீயில் விட வேண்டும். இறக்கும்போது கொஞ்சம் பாலாடை, நம்ம மலை மிளகு. அவ்வளவுதான். இதற்கு மேல் இதில் ரகசியம் எதுவும் இல்லை என்பதுதான் இந்தச் சூப்புக்கு இருந்த பெரிய குறை.

எங்கள் ஊர் கம்பத்தில் ராவுத்தர் மாமாவின் ஏலக்காய்க் கடை வாசலில், சட்டர் இறங்கின பிறகு வண்டியைப் போட்டுக்கொள்ள இடம் கிடைத்தது. எங்களுக்குள் ரத்த உறவு கிடையாது. இந்த ஊரில் அவருக்கு நான் மாப்ளே, எனக்கு அவர் மாமா, அது அப்படித்தான். ஆனால் மாமன் உறவு வேறு, வாசல் வேறு. நோன்பு தொடங்கின அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பெருநா வரைக்கும் பாப்பேன் மாப்ளே. அதுக்குள்ள உன் சட்டி காலியாகுற நாளு ஒண்ணாவது வரணும். வரலேன்னா இடம் பரோட்டாக்காரனுக்கு." தினமும் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுத் திரும்பும்போது என் சட்டியை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். காலிச் சட்டி 'டங்' என்னும். என் சட்டி 'பொத்' என்றது.

எலும்பு

முதல் வாடிக்கையாளர் மூட்டை தூக்குகிற தோழர் ஒருவர். பலகையில் 'சூப்பு' என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு வந்தவர். கப்பை வாங்கினார், கரண்டியால் அடி வரை துழாவினார். தெருவிளக்குக்கு நேரே கப்பைச் சாய்த்து, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர் மாதிரி உள்ளே பார்த்தார். எங்கள் பக்கத்தில் சூப்பு என்றால் ஆட்டுக்கால். கடைசியில் ஒரு எலும்பை உறிஞ்சி முடித்தால்தான் குடித்ததாகக் கணக்கு.

கிழங்கின் பெருமை, பாலின் பெருமை எல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என் வண்டியின் அடித்தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்: "அது சரிண்ணே, எலும்பை யாருக்கு எடுத்து வச்சிருக்கீக?"

வீட்டு முறை

எலும்பு தேடுகிறவர்களிடமிருந்து தப்பிக்கப் பலகையை மாற்றினேன். 'வீட்டு முறையில் செய்த உருளைக்கிழங்குச் சூப்பு' என்று பச்சை பெயின்ட்டில் நானே எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்திருந்தது. என் மனைவி கெங்குவார்பட்டிக்காரி. அந்தப் பக்கத்துப் பெண்கள் எதையும் ஒருமுறைக்கு இருமுறை படிப்பார்கள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படித்தாள்.

எங்கள் வீட்டில் இந்தச் சூப்பை இன்றுவரை ஒருத்தரும் வாயில் வைத்ததில்லை. அவள் வைக்கிற ரசத்துக்கு முன்னால் நான் கப்பை நீட்டினால், காய்ச்சல்காரனுக்கு எடுத்து வைத்ததோ என்று பார்ப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தாள், என்னையும் பலகையையும் சேர்த்து. "வீட்டு முறைன்னு போட்டிருக்கீகளே, எந்த வீட்டுல?"

கஞ்சி

நோன்பு மாதத்தில் வெள்ளையாக, கெட்டியாக, ஆவி பறக்க எதை வைத்திருந்தாலும் அது கஞ்சிதான். பள்ளிவாசலில் சாயங்காலம் ஊற்றுகிற நோன்புக் கஞ்சிக்கு எங்கள் ஊரில் சாதி மதம் கிடையாது. தூக்குச்சட்டி வைத்திருக்கிற எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். ஒருநாள் அங்கே பிந்திப்போன தையல்கடைக்காரர் ஒருவர் நேரே என்னிடம் வந்து தூக்கை நீட்டினார். கழுத்தில் இன்ச் டேப், நெற்றியில் விபூதி. நானும் மகிழ்ந்துபோய் விளிம்பு வரை ஊற்றினேன். மூடியைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஓடிப்போய்ப் பிடித்துக் காசு கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அவர் முகம் எனக்காக வருத்தப்பட்டது. "அங்கன கறி போட்ட கஞ்சிய சும்மா ஊத்துறாக. நீ கறியும் போடல, காசும் கேக்குற. உனக்கே நல்லாருக்காண்ணே?"

பசை

மத்தால் மசிப்பது கை நோகிற வேலை. ஒருநாள் மழை மூட்டமாக இருந்தது, கூட்டம் வரும் என்று நம்பி ஒரு சட்டி கிழங்கையும் மிக்ஸியில் போட்டு அடித்துவிட்டேன். செய்யாதீர்கள். வெந்த கிழங்கை மிக்ஸி அடித்தால் அது சூப்பாகாது, இழுவையாகும். கரண்டியைத் தூக்கினால் சட்டியும் கூடவே வந்தது.

அப்போது பார்த்துச் சுவரொட்டி ஒட்டுகிற ஒருவர், கையில் பசை வாளியோடு வந்து நின்றார். தேர்தல் நெருங்கும் நேரம். நாளெல்லாம் கும்பிட்ட கைகளையும் சிரித்த முகங்களையும் ஒட்டிக் களைத்திருந்தார். வாங்கி ஒரு வாய் வைத்தார். வாயைத் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. என் சட்டியைப் பார்த்தார், தன் வாளியைப் பார்த்தார். ஒரு விரலால் தொட்டு ராவுத்தர் மாமாவின் சட்டரில் தேய்த்தும் பார்த்தார். பிறகு தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்: "இதுல ஒட்டுனா போஸ்டரு அடுத்த எலக்சன் வரைக்கும் நிக்கும்ணே. நாங்க ஒட்டுற ஆளுதான் நிக்கமாட்டான்."

அன்றைக்கு மாமா தட்டியபோது சட்டி 'பொத்' என்றுகூடச் சொல்லவில்லை.

பாரம்பரியம்

மேகமலைக்குப் போய்விட்டுச் சின்னமனூரில் இறங்கி, வழி தவறிக் கம்பம் வந்த ஒரு சென்னைக் கோஷ்டி. அதில் ஒரு தம்பி செல்போனைக் கம்பில் மாட்டிக்கொண்டு, ஊர் ஊராகத் தின்று காட்டுவதையே தொழிலாக வைத்திருந்தான். இது இந்த ஊர்ப் பாரம்பரியச் சூப்பா என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து ஆட்டுக்கால் சூப்புக் கடைப் பாண்டி முந்திக்கொண்டான். "ஆமா தம்பி, அந்தக் காலத்து ராசாக்கமாரு போருக்குப் போகுமுன்ன இதைத்தான் குடிச்சிட்டுப் போவாக!" பாண்டிக்கு என்மேல் பகையில்லை. அவன் கடையிலும் அந்நேரம் கூட்டமில்லாததால் அவனுக்குப் பொழுது நிறைய இருந்தது, அவ்வளவுதான்.

தம்பி கண்ணை மூடி, தலையை ஆட்டி, மண்வாசனை தெரிகிறது என்றான். கிழங்கைச் சரியாகக் கழுவவில்லையோ என்று எனக்குப் பயம் வந்தது. என்னையும் பேசச் சொன்னான். செல்போன் பார்த்துப் படித்தேன், வெள்ளைக்காரன் செய்தான் என்று உள்ளதைச் சொன்னேன். கம்பைச் சட்டென்று இறக்கிவிட்டான். "அண்ணா, அதெல்லாம் வேணாம்ணா. கொஞ்சம் பாரம்பரியமா பேசுங்கண்ணா."

சர்க்கரை

சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் நாள் தவறாமல் வந்தார். எனக்கு அவர் ஒருவர்தான் நிரந்தரம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஐயா, இது முழுக்க உருளைக்கிழங்கு, உங்களுக்கு ஆகாது என்று ஒருநாள் சொல்லியே விட்டேன். ஊதி ஊதிக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "டாக்டரு கிழங்கைத்தான் தொடாதன்னாரு. நான் எங்க தொட்டேன்? கரண்டில்ல தொடுது!"

காப்பு

பங்குனிப் பால்குடத்துக்குப் பாண்டி கையில் காப்புக் கட்டிக்கொண்டான். கட்டினால் கவிச்சி தொடக்கூடாது. ஆனால் கடையை மூட முடியுமா? ஆட்டுக்கால் வேகும், அவனால் உப்புப் பார்க்க முடியாது. ஒருநாள் உப்பு கடலாகிவிட, வந்தவர்கள் வைதுவிட்டுப் போனார்கள். காய்ந்த வயிறும் கெட்ட பேருமாக நின்ற பாண்டி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு என் பக்கம் நகர்ந்தான்.

ஒரு கப் கொடுத்தேன். குடித்தான். இன்னொன்று கேட்டான். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. நோன்பு முடிய நாலைந்து நாள்தான் இருந்தது, சட்டி ஒருநாளும் காலியாகவில்லை. போட்டிக் கடைக்காரனே மெச்சினால் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். எப்படிடா இருக்கு என்று கேட்டேன். காப்புக் கட்டின கையால் மீசையைத் துடைத்தான். "நல்லாருக்குன்னு சொன்னா விரதத்துல பொய் சொன்னதாப் போயிரும்லே. இன்னொண்ணு ஊத்து."

பெருநாளுக்கு முந்தின நாள்

கடைசி நாள். மத்தியானத்திலிருந்து மலையில் கோடை மழை. பரோட்டாக்காரர் கல்லை எங்கே போடலாம் என்று வாசலை அடியால் அளந்துவிட்டுப் போயிருந்தார். போகும்போது மரியாதையாகச் சிரிக்கவும் செய்தார். அதுதான் தாங்க முடியவில்லை. பிறை பார்த்த சந்தோஷத்தில் ஊரே துணிக்கடையில் கிடந்தது. என் சட்டி நிறைய இருந்தது. சரி, வேறு ராத்திரி வேலை பார்க்க வேண்டியதுதான் என்று அடுப்பைக் குறைக்கக் கையை நீட்டினேன்.

அப்போது ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று வந்து நின்றது. காலையில் மலைக்குப் போன பெண்கள். மழையில் வேலை நின்று, குமுளிப் பாதையில் மரம் விழுந்து, பொழுதெல்லாம் ஜீப்புக்குள் ஒருவர் மடியில் ஒருவராக இருந்திருக்கிறார்கள். கொண்டுபோன சோறு அப்படியே இருந்தது. குழம்பெல்லாம் குலுக்கலில் கொட்டிச் சேலையில் ஊறியிருந்தது. நடுங்கிக்கொண்டு இறங்கின ஒரு பெரியம்மா, "ஏலே, சூடா என்னலே இருக்கு?" என்றது. சூப்பு என்றேன். "எலும்பு கிடக்குமா? இன்னைக்கு வெள்ளிக்கிழமை." கிடக்காது ஆத்தா என்றேன். அந்தப் பதிலைச் சந்தோஷமாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

கப்பில் ஊற்றி நீட்டினேன். பெரியம்மா கப்பைக் கவனிக்கவே இல்லை. தூக்குச்சட்டியைத் திறந்து, சில்லிட்டுக் கிடந்த சோற்றில் கையால் குழி பறித்து, "இதுல ஊத்து" என்றது. ஆத்தா, இது குடிக்கிறது என்றேன். "ஊத்துலேங்கிறேன்!" ஊற்றினேன். பிசைந்தது. ஒரு உருண்டை உள்ளே போனது. விரலை நக்கிக்கொண்டே ஜீப்பைப் பார்த்து, "ஏய், எல்லாரும் இங்கன வாங்கடி!" என்று ஒரு சத்தம். அத்தனை தூக்குச்சட்டியும் என் முன்னால் வரிசையாகத் திறந்தன. ஒருத்தி ஊறுகாயை எடுத்துச் சுற்றுக்கு விட்டாள், இன்னொருத்தி மிளகு பத்தலை என்று என் டப்பாவைப் பிடுங்கித் தானே போட்டுக்கொண்டாள். பாண்டி கடையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தான். சட்டியின் அடியை வழிக்கையில் பெரியம்மா என்னைப் பார்த்துக் கோபமாகவே கேட்டது: "கூறுகெட்டவனே, இம்புட்டு நல்ல குழம்ப வச்சுக்கிட்டு எதுக்குலே கப்புல ஊத்திக் குடிக்கச் சொல்ற?"

ஜீப் போன பிறகு மாமா வந்தார். புதுச் சட்டை இருந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரலை மடக்கிச் சட்டியில் தட்டினார். 'டங்'. நம்பாமல் மூடியைத் திறந்து பார்த்தார். நான் நிமிர்ந்து நின்றேன். கீழே சிந்திக் கிடந்த சோற்றுப் பருக்கைகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இடம் உனக்குத்தான் மாப்ளே. ஆனா பெருநா கழிச்சு வாறப்ப, வெறும் சூப்புச் சட்டியோட வராத. ஒரு அண்டா சோத்தையும் வடிச்சுக் கொண்டா."

உலகத்தின் எந்தப் பலகாரத்தை வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு வந்து இந்தப் பள்ளத்தாக்கில் தாராளமாகக் கடை போடலாம், சனங்கள் அதைச் சோற்றில் ஊற்றிப் பார்க்கும் வரைக்கும் மட்டும் எப்படியாவது பிழைத்துக் கிடக்க வேண்டும்.