நேர்ந்துகொண்ட முடி

அம்மாவுக்கு நோய் தீர்ந்த வருஷம் அவளுக்குச் சுருட்டை முடி முளைத்தது. அதற்கு முன் அவளுடைய முடி நேராக இடுப்புவரை தொங்கும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தில் அது முழுவதும் கொட்டிப்போய், தலையில் துணி கட்டிக்கொண்டுதான் சித்திரையில் வீடு வந்து சேர்ந்தாள். ஆடியில் பூனைமயிர் போல ஏதோ எட்டிப் பார்த்தது. புரட்டாசி பிறந்தபோது அது விரலில் சுற்றும் அளவுக்கு வளர்ந்து, சுருள் சுருளாகத் தலையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

தம்பிக்கு நான்கு வயது. அம்மாவின் மடியில் ஏறி, ஆட்டுக்குட்டி, ஆட்டுக்குட்டி என்று அந்த முடியைத் தடவிக்கொண்டிருப்பான். அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இரட்டைச் சடையோடு நான்காம் வகுப்புப் போய்க்கொண்டிருந்த எனக்குத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆள் மாற்றி அனுப்பிவிட்டார்களோ என்று பயந்து, அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களாகப் பார்த்து அவளிடம் கேள்வி கேட்பேன். நான் எந்தப் படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டேன், எங்கள் கறுப்பு ஆடு முதலில் போட்ட குட்டி கிடாயா பெட்டையா என்றெல்லாம். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, "எதுக்கு சாமி இதையெல்லாம் கேக்கற?" என்பாள். நான் ஓடிவிடுவேன்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் பாதையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். அப்பா கோழிப்பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டினார். பக்கத்து வீடு அத்தையுடையது. அப்பாவின் அக்கா. மாமா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடக்கே போனால் தீபாவளிக்குத்தான் வருவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த காலம் முழுவதும் எங்களைக் குளிப்பாட்டி, சோறாக்கிப் போட்டு, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது அத்தைதான். எங்கள் இரண்டு மாட்டையும் அவள்தான் கறந்தாள். அத்தையின் கொண்டை ஒரு தேங்காய் அளவு இருக்கும். அதை அவிழ்த்துச் சிக்கெடுக்க உட்கார்ந்தால் அந்தப் பக்கம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. பேசினால் திட்டு விழும்.

அந்தப் புரட்டாசியில் அத்தையின் காட்டில் கடலைக்கொடி பிடுங்கினார்கள். அம்மாவை வேலை செய்ய விடவில்லை. வேப்பமர நிழலில் உட்கார வைத்து, முன்னால் கொடியைக் குவித்து, காய் ஆய்ந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள் அத்தை. நானும் தம்பியும் பச்சைக் கடலையைத் தின்று தின்று வயிறு வலிக்க உருண்டோம். சாயங்காலம் அத்தை ஒரு பெரிய குண்டாவில் கடலையை வேகவைத்து, தூக்குப்போசியில் நிறைத்து, அம்மாவையும் எங்களையும் அழைத்துக்கொண்டு கிளம்புவாள். அம்மாவை அவசரத்துக்கு ஆட்டோவில் ஏற்றிப் போனவர் வீடு, ரத்தம் கொடுத்த பையன் வீடு, கஷாயம் வைத்துக் கொடுத்த டீச்சர் வீடு என்று ஒவ்வொரு வாசலிலும் நிற்போம். "உங்க புண்ணியத்துல எங்கம்மிணி எந்திரிச்சு வந்துட்டாங்க, இந்தக் கல்லக்காயத் தின்னுங்க" என்பாள் அத்தை. அம்மா கும்பிடுவாள். அவர்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் முடியைப் பார்ப்பார்கள். "பரவால்லைங்க, நல்லாத்தான் மொளச்சிருக்குது" என்பார்கள்.

அப்படிச் சுற்றிவிட்டு வந்த ஒரு சாயங்காலம் அத்தை சொன்னாள், "எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. பெருமாளுக்குத்தான் பாக்கி."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அம்மாவுக்கு முதல் ஊசி போடுவதற்கு முன்னால், அத்தை மலைக்கோயில் பெருமாளிடம் வேண்டியிருக்கிறாள். இவள் பிழைத்து எழுந்து வந்தால் இவளுடைய முடியை உனக்கு இறக்குகிறேன் என்று.

"அதத்தான் சாமி முன்னாடியே எடுத்துக்கிச்சே" என்றேன் நான்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். "அது மருந்துல போனது. இது நாம குடுக்கறது. நேந்ததச் செய்யலீன்னா சாமி குத்தமாயிரும்" என்றாள் அத்தை. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கடலைத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஆவட்டுங்க அண்ணி, வாரேன்" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினோம். அடிவாரம் முழுக்கக் கூட்டம். சர்க்கரைப் பொங்கலும் துளசி மாலையும் பலூனுமாகக் கடைகள். முடியிறக்கும் கொட்டகையில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் தம்பிக்கு. அவன் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. பிறகு அப்பா, மீசையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். மீசை இல்லாத அப்பாவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. நம் வீட்டில் எல்லோரும் ஒவ்வொருவராக மாறிக்கொண்டே போகிறார்களே என்றிருந்தது.

அப்புறம் அம்மா மணையில் உட்கார்ந்தாள். முடியிறக்குகிறவர் கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டு அவள் தலையில் தேய்த்தார். அவர் விரல்கள் அந்தச் சுருளுக்குள் போனதுதான் தாமதம், அம்மா எழுந்து நின்றுவிட்டாள். தண்ணீர் நெற்றியில் வழிந்தது.

"என்னாச்சு புள்ள? தலை சுத்துதா?" என்று அப்பா ஓடி வந்தார்.

"இல்லீங்க. எனக்கு வேண்டாம்."

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வேண்டான்னா எப்படி அம்மிணி? கோயலுக்கு வந்து உக்காந்துட்டு எந்திரிக்கலாமா?"

அம்மா சத்தம் போட்டுப் பேசுகிறவளே இல்லை. அன்றைக்கும் போடவில்லை. "அந்த முடியெல்லாம் தலகாணியில கொத்துக் கொத்தாக் கெடந்துச்சுங்க அண்ணி. நானே பொறுக்கிக் கவர்ல போட்டேன். அப்ப என்னை யாரும் குடுக்கறயான்னு கேக்கலீங்க. இது ஒவ்வொன்னா எனக்கு மொளச்சு வந்தது. தெனமும் காத்தால தொட்டுப் பாத்துத்தான் எந்திரிக்கறேன். இதைக் குடுக்கறதுக்கு எனக்கு மனசு வரலீங்க."

அப்பா மொட்டைத் தலையோடு தம்பியைத் தூக்கிக்கொண்டு, அக்காவைப் பார்ப்பதா அம்மாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார். சாமி குத்தம் என்றால் நோய் திரும்ப வந்துவிடும் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். அம்மா ஏன் இப்படிச் செய்கிறாள், முடிதானே, மறுபடி முளைக்காதா என்று அவள்மேல் கோபமாகக்கூட இருந்தது.

அத்தை திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கொண்டையில் இருந்த பூவை எடுத்து என் கையில் கொடுத்தாள். அப்புறம் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, "இதப் புடி சாமி" என்று கொடுத்தாள். கொண்டை அவிழ்ந்தது. அத்தனை முடியோடும் போய் அந்த மணையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, என்னங்க அண்ணி இது! எந்திரிங்க, நானே உக்கார்றேன்" என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நேந்தவ நான். என்ற வாயி. உன்ற தலைய உன்னையக் கேக்காம நேந்தது தப்பு" என்றாள் அத்தை. முடியிறக்குகிறவரிடம் திரும்பி, "நீங்க எடுங்க சாமி" என்றாள்.

அவர் வகிடெடுத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டார். உச்சியில் கத்தி வைத்தார். வெள்ளைத் தோல் ஒரு கோடாகத் தெரிந்தது, பிறகு ஒரு பாத்தி அளவு தெரிந்தது. முடிச்சுகள் தரையில் விழுந்தபோது தொப்பென்று சத்தம் கேட்டது. அம்மா அத்தையின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அத்தையும் அழுதாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டதாகவும், அதில் அத்தை தோற்றுவிட்டதாகவும் நான் நினைத்தேன்.

ஆனால் படியேறும்போது அவர்கள் கையைக் கோத்துக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்கும். அப்போதெல்லாம் அத்தையும் நின்று, தனக்கும்தான் வாங்குகிறது என்று சொல்லி உட்காருவாள். பாதி மலையில் தூறல் போட்டது. "ஏ அம்மிணி, மழை நேரா மண்டையில உழுகுது! குளுகுளுன்னு இருக்குது!" என்று அத்தை கத்தினாள். இருவரும் சிரித்த சிரிப்பில் கீழே வந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். சற்று முன்னால் அழுதவர்கள் இவர்கள்தானா என்று எனக்குப் புரியவில்லை.

சந்நிதியில் அப்பா என்னைத் தூக்கிக் காட்டினார். பெருமாளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் தவித்தேன். கடைசியில், கீழே வந்திருப்பது அத்தையுடைய முடி, அம்மாவுடையது அல்ல, ஆனால் அது இன்னும் நீளம், கணக்கில் மாற்றி வைத்துக்கொள், அம்மாவைத் திருப்பிக் கேட்காதே என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கூட்டம் தள்ளிவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவும் அத்தையும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண், அத்தையின் சந்தனம் பூசிய தலையைப் பார்த்து, "என்ன வேண்டுதலுங்க?" என்று கேட்டாள்.

"நோவு தீந்துச்சுங்க. அதுக்குத்தான்" என்றாள் அத்தை.

"யாருக்குங்க?"

"எனக்குத்தானுங்க."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தைக்கு நோயா? அம்மாவுக்கு நோய் வந்தபோதும் தலை இப்படித்தான் வெறுமையாக இருந்தது. அம்மாவை விட்டு இறங்கியது அந்தக் கொட்டகையில் அத்தைமேல் ஏறிவிட்டதோ? வீடு வந்து சேரும்வரை அவள் இருமுகிறாளா, மயங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவளையே சுற்றிச் சுற்றி வந்தேன். திங்கட்கிழமை காலையில் எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது, பொறுக்க முடியாமல் கேட்டேன், "உங்களுக்கு என்ன நோவுங்க அத்தை?"

அவள் கை நின்றது. "உன்ற அம்மாளுக்கு வந்தப்பவே எனக்கும் வந்துச்சு சாமி. அவளுக்குப் போனதும் எனக்கும் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு, ரிப்பனை இறுக்கிக் கட்டினாள்.

அப்படியானால் அத்தனை நாளும் அந்த நோயை வைத்துக்கொண்டுதான் மாடு கறந்தாளா, எங்களுக்குச் சோறாக்கினாளா, வெயிலில் பள்ளிக்கூடம் வரை நடந்து வந்தாளா? லாரியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன். அத்தைக்கும் நோய் இருந்திருக்கிறதே, அவளை மட்டும் ஏன் ஒருவரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை என்று சண்டைக்கு நிற்பதுபோலக் கேட்டேன். அப்பா துணியைக் கையில் வைத்துக்கொண்டு, மீசை இல்லாத முகத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு அத்தை வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி லாரியைத் துடைக்க ஆரம்பித்தார். பெரியவர்கள் இப்படியும் ஒரு ஆளை மறந்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவரோடு பேசாமலேயே பள்ளிக்கூடம் போனேன்.