கூப்பிடு தூரத்துத் தெரு

என் மேசை இழுப்பறையில் ஒரு மரச் சிமிழ் இருக்கிறது. சிதம்பரம் கீழ சன்னதிக் கடையில் வாங்கிய குங்குமச் சிமிழ், மூடியில் சிவப்பு அரக்குப் பூச்சு. ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவளுடையது மறுநாளே நிரம்பிவிட்டது. என்னுடையது பதினைந்து வருடமாகக் காலியாகவே கிடந்தது.

அவள் மொரீஷியஸ்காரி. முன்னோர் வாழ்ந்த நாட்டைப் பார்க்க வந்த பத்து மாணவர்களில் ஒருத்தி. நான் அப்போது கடலூரில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் வழிகாட்டி யாரையும் அமர்த்தவில்லை. "அவுங்க வயசுப் புள்ளைங்க நீங்களே சொல்லுங்க, அப்பதான் மனசுல நிக்கும்" என்று ஆளுக்கொருவரை ஒப்படைத்துவிட்டார். எனக்கு வந்தவள் அவள். நானோ வாயாடி. முதுநகர்த் துறைமுகத்தில் நின்று கப்பல்களைப் பற்றியும், சிதம்பரம் கோபுரத்தடியில் சோழர்களைப் பற்றியும் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை அளந்துவிட்டேன். எல்லாவற்றையும் அவள் ஒரு நீல நோட்டில் எழுதிக்கொண்டாள். தமிழில் சாமிப் பாட்டு முழுதாகப் பாடுவாள், ஆனால் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. எங்கள் பேச்செல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில்தான்.

சிமிழ் வாங்கிய அன்று மாலை, கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். அவள் கொள்ளுப்பாட்டியின் அம்மா கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியபோது வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த பதிவின் நகல். பெயர், வயது, ஊர், சாதி. அவளுடைய அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். அந்த ஊர் மண்ணில் ஒரு கைப்பிடி கொண்டுவா என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவள் இவ்வளவு தூரம் வந்ததே அதற்காகத்தான். ஊர்ப் பெயரை இரண்டு முறை படித்தேன். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் என் சொந்த ஊர். சாதி என்ற இடத்தில் எழுதியிருந்தது என் சாதி.

கல்லூரியில் இது யாருக்கும் தெரியாது. திருப்பாதிரிப்புலியூரில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன், அதுதான் என் ஊர் என்று சொல்லி வைத்திருந்தேன். காலனிப் பெண் என்று தெரிந்தால் கூடப் படிப்பவர்கள் என் டிபன் பாக்ஸில் கை வைப்பார்களா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. அவள் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வகுப்பு நண்பர்கள் எட்டிப் பார்த்தார்கள். "விவசாயம் பண்றவங்க" என்றேன். அதில் பொய் கிடையாது, அதுதான் அதிலுள்ள மோசம். "ஆமாமா, வெவசாயம்" என்று ஒருவன் சிரித்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் வேன் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் நின்றது. எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் அது ஊர்க்காரர்கள் தெருக்கள் மட்டும்தான். காலனி அந்தக் கணக்கில் வராது. நிறுத்தத்திலிருந்து ஏரிக்கரை வழியாகக் கூப்பிடு தூரத்தில் எங்கள் தெரு. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை தினமும் நான் இறங்கி நடந்த வழி அது. அன்று அந்தப் பக்கமே திரும்பாமல், பெருமாள் கோயில் தெருவுக்கு அவளை அழைத்துப் போனேன். உச்சி வெயிலில் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. "உங்க பாட்டி இங்கதான் இருந்திருப்பாங்க" என்றேன். என் அம்மா அதே தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மொரீஷியஸ்காரி மண்டியிட்டு மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிமிழை நிரப்பி மூடியபோது விசும்பி அழுதாள். நண்பர்கள் போட்டோ எடுத்தார்கள்.

வேனுக்குத் திரும்பும்போது, ஏரிக்கரையில் நூறுநாள் வேலைப் பெண்கள் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தலையில் சட்டியோடு அப்படியே நின்று எங்களைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேனில் ஏறினேன். அந்த அம்மா ஏன் நம்மையே பார்க்கிறார்கள் என்று அவள் கேட்டாள். யாரோ வேலைக்கு வந்தவர்கள் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மா சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "கூப்புடலாமுன்னு வாயெடுத்தேன். நீ அந்தாண்ட திரும்பிக்கிட்ட, செரின்னு வுட்டுட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, கோபித்திருந்தால் தேவலை. குழம்பை ஊற்றிக்கொண்டே, "யாருடி அந்தப் பொண்ணு? நம்ம அத்தை சாடையா இருந்துச்சு" என்றாள். சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

இப்போது நான் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. உங்கள் தெருவின் வரலாற்றை எழுதி வாருங்கள் என்று பிள்ளைகளிடம் கூசாமல் சொல்கிறேன். என் தெருவை இன்று யாரிடமும் மறைப்பதில்லை. அவளிடம் மட்டும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அவளிடமிருந்து வாழ்த்து வரும். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று வருடங்களை ஓட்டிவிட்டேன். போன மாதம் செய்தி வந்தது. அத்தனை வருடமும் படுக்கையிலேயே இருந்த அவள் அப்பா காலமாகிவிட்டார். சிமிழில் இருந்த மண்ணைச் சாம்பலோடு கலந்து கடலில் விட்டார்களாம். இத்தனை வருடத்தில் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள். "அப்பா ஊருக்குப் போயாச்சு" என்று தமிழிலேயே எழுதியிருந்தாள். கப்பலேறிய தன் பாட்டி அந்தக் காலத்தில் நுழையவே முடியாத தெருவின் மண்ணோடு அந்த மனிதர் போய்விட்டார். இனி யாரிடம் போய்த் திருத்துவது?

போன ஞாயிற்றுக்கிழமை சிமிழோடு ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். தெரு முழுக்க சிமெண்ட் ரோடு. எங்கே எடுப்பது என்று விழித்தேன். "அத்தை வூட்டுச் செவுத்தோரமா எடு, அங்கதான் பழைய மண்ணு இருக்குது" என்றாள். சிமிழை நிரப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

கூடவே அனுப்ப வேண்டிய கடிதத்தை மூன்று முறை கிழித்துப் போட்டேன். நான்காவது முறை முதல் வரி மட்டும் எழுதியிருக்கிறேன்: "அன்று ஏரிக்கரையில் மண்சட்டியோடு நின்று நம்மைப் பார்த்தது என் அம்மா."