கக்கூஸ் அக்கா புதுச்சேரிக்குப் போன கதை

எட்டு வருடமாக இந்த வலைப்பூவில் ஊர் சுற்றிய கதை எழுதுகிறேன். கோயிலோ அருவியோ, எதைப் பற்றி எழுதினாலும் கடைசியில் வழியிலுள்ள கழிப்பறைகளின் பட்டியல் இருக்கும். எது சுத்தம், எதில் தாழ்ப்பாள் இல்லை, எங்கே தண்ணீர் வராது, எல்லாம். அதனால்தான் உங்களில் பலர் எனக்குக் 'கக்கூஸ் அக்கா' என்று பெயர் வைத்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டேன். காரணத்தை மட்டும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன். தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால் எனக்குச் சிறுநீர் கசியும். இரண்டாவது பிரசவத்திலிருந்து அப்படித்தான். இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

போன ஆடியில் கொல்லிமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் புடவையே நனைந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அதன்பிறகு ஆறு மாதம் நான் வாசலைத் தாண்டவில்லை. 'வீட்டில் வேலை' என்று உங்களிடம் சொன்னது பச்சைப் பொய். ஒருவழியாக டாக்டரம்மாவிடம் போனேன். பரிசோதித்துவிட்டு, தொற்றோ கட்டியோ இல்லை, அடி இடுப்புத் தசைதான் தளர்ந்திருக்கிறது, முதலில் பயிற்சி செய்து பாருங்கள் என்றார். அதற்கென்றே பெண்களுக்கு ஐந்து நாள் யோகா வகுப்பு புதுச்சேரியில் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். அதிலும் சரிவராவிட்டால் வலைப்பூவை மூடிவிடுவது என்ற முடிவோடுதான் தை மாதம் ஒரு திங்கட்கிழமை கிளம்பினேன்.

திருவண்ணாமலையில் காலை 6.10-க்கு பஸ். செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுமார் 105 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், டிக்கெட் நூறு ரூபாய். வழக்கம்போல வாசலை ஒட்டிய சீட். வழக்கம்போல ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. செஞ்சியில் இறங்கி ஒருமுறை, திண்டிவனத்தில் ஒருமுறை, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை போனேன்.

முத்தியால்பேட்டைக்கு ஆட்டோ 120 ரூபாய், மூன்று கிலோமீட்டர் இருக்கும். யோகாவுக்கு வந்திருக்கிறேன் என்றதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "யோகாவுக்கு வரவங்கள்லாம் பீச்சாண்டதாம்மா போவாங்க. முத்தியால்பேட்டைல என்னா யோகா?"

"எனக்கு வேற யோகாங்க" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

வகுப்பு பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு வீட்டின் மாடி ஹாலில். கீழே தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் தரை வழியாக மெல்ல ஏறி வரும். அந்நேரத்துக்குக் கடல்காற்று திரும்பிவிடும். ஜன்னல் திரைச்சீலை உப்பும், அடங்கும், மறுபடி உப்பும். எட்டுப் பெண்கள் பாய் விரித்துப் படுத்திருந்தோம். சொல்லித்தரும் அமலாவுக்கு முப்பத்திரண்டு வயது, பிசியோதெரபி படித்தவள். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவளிடம் இதைப் பேசுவதா என்று கூசியது. அவளோ கத்திரிக்காய் விலை பேசுவதுபோல் சாதாரணமாகப் பேசினாள்.

"இடுப்பெலும்புக்கு அடியில தூளி கட்டினாப்ல ஒரு தசை இருக்குது. மூச்ச விடறப்ப அத மெதுவா உள்ள தூக்குங்க. இழுக்கறப்ப முழுசா விட்டுடுங்க. தூக்கறது பாதி வேலதான். விடறது மீதி."

முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம், பாதங்களைச் சேர்த்துத் தொடையை மலர்த்தும் பத்தகோணாசனம், கடைசியில் சுவரில் காலைச் சாய்த்து வெறுமனே கிடப்பது. திரைச்சீலையோடு சேர்ந்து மூச்சு விட்டேன். எந்த ஊர், என்ன நேரம் என்பதெல்லாம் கரைந்துபோனது. இத்தனை வருடம் எனக்குள் இப்படி ஓர் இடம் இருப்பதையே வெட்கத்தில் மறந்திருக்கிறேன்.

மறுநாள் அமலா, முந்தைய நாள் எத்தனை முறை போனோம் என்று எழுதச் சொன்னாள். பதினாலு என்று எழுதினேன்.

"இதுல எத்தினி தடவ நெஜமா முட்டிச்சிக்கா?"

"மூணு இருக்கும். மீதியெல்லாம் கக்கூஸ் கண்ணுல பட்டுச்சு, எதுக்கும் போயிடுவோம்னு போனேன்."

"அங்கதான் தப்பு. கொஞ்சம் ரொம்புனாலே போவணும்னு மூத்திரப்பைய நீங்களே பழக்கி வச்சிட்டீங்க. தண்ணி குடிக்காம இருந்தா அது இன்னும் எரிச்சல்தான் குடுக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருடமாக ஊர் ஊராக நான் போட்ட பட்டியல்தான் என் வியாதிக்குத் தீனி என்கிறாள்! நேற்றுப் பிறந்த பெண் எனக்குச் சொல்கிறாளா என்று பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

பின்னாலேயே அஞ்சலை வந்தாள். பெரிய மார்க்கெட்டில் பூ விற்பவள், என் வயதுதான், முதல் நாளே சிநேகமாகிவிட்டாள். "எங்கக்கா ஓடற? நான் வெடிகாலம் நாலு மணிக்குக் கட பக்கம் ஒக்காந்தா மத்தியானம் ரெண்டு வரைக்கும் எழுந்துக்கவே மாட்டேன். அடக்கி அடக்கி எனக்குத் தசை இறுகிப்போயி, போனாலும் வரமாட்டேங்குது. என்னிய அடிக்கடி போவச் சொல்றா, ஒன்னிய போவாதன்றா. பேசாம நாம ரெண்டு பேரும் மாத்திக்கலாமா?"

கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே நனைந்தும்விட்டது. அழுகையாக வந்தது. அஞ்சலை என் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள்.

அடுத்த மூன்று நாளும் காலையில் கடற்கரைச் சாலையில் நடந்தேன். வாகனங்கள் விடாத நேரம். வெளிச்சம் கடலிலிருந்து கசிந்து வர, ஆட்கள் நிழல்களாக மிதந்து போவார்கள். போக வேண்டும்போல் இருந்தால் நின்று, அடித்தசையை நாலைந்து தடவை தூக்கி விட்டு, மூச்சைக் கவனிப்பேன். அந்த அவசரம் தானாக அடங்கும். தும்மலோ சிரிப்போ வருவதற்கு ஒரு நொடி முன்னால் தூக்கிக்கொள்ளவும் அமலா பழக்கினாள். நான்காம் நாள் அஞ்சலை அவள் மாமியாரைப் போல நடந்து காட்டினாள். நான் முன்கூட்டியே தூக்கிக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு சொட்டுகூட இல்லை. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்!

போக நினைக்கும் தோழிகளுக்கு: அறை ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய், வகுப்பு ஐந்து நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. முதலில் டாக்டரைப் பாருங்கள். வலி, ரத்தம், ஏதோ கீழிறங்குவதுபோல் உணர்வு இருந்தால் அவர் சொன்னபிறகே பயிற்சி. எல்லாருக்கும் இறுக்குவது மருந்தல்ல, அஞ்சலையைப் போல விடக் கற்க வேண்டியவர்களும் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு செய்யாதீர்கள். ஐந்து நாளில் எனக்கு முழுதாகக் குணமாகிவிடவில்லை, மூன்று மாதமாவது தினமும் செய்யவேண்டும் என்று அமலா சொல்லியிருக்கிறாள். செய்துகொண்டிருக்கிறேன். வலைப்பூவை மூடவில்லை.

பட்டியலும் தொடரும், தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு: ஐந்து ரூபாய், தண்ணீர் உண்டு. செஞ்சி: தாழ்ப்பாள் பரவாயில்லை, போகும்போது பார்த்தது. திண்டிவனம்: போகும்போது சுத்தமாக இருந்தது. திரும்பும்போது எப்படி இருந்தது என்று தெரியாது. அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஜன்னலோர சீட்டில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.