பனிக்குத் தட்டிய சப்பாத்து

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கிளிநொச்சித் தபால் கந்தோரில் இருந்தபோது, ஒரு பம்பு மெக்கானிக் மாதம் ஒருமுறை வருவார். வாசலில் கழற்றிய சப்பாத்தைத் திரும்பப் போடுமுன் கவிழ்த்து மூன்று தரம் தட்டுவார்.

“தேளுக்குப் பயமோ தம்பி?” என்றேன் ஒருநாள்.

“இல்லை ஐயா, பனிக்கு” என்று சிரித்தார். “ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போய், குளிர்காலம் முழுக்க அங்கத்தைச் சிநேகிதன் ஒருத்தன்ர வீட்டிலை தங்கி நிண்டனான். முதல் நாள் எங்கட பழக்கத்திலை சப்பாத்தை வாசலிலை விட்டிட்டன். விடியப் பார்த்தா ரெண்டுக்குள்ளையும் பனி! வீடே விழுந்து விழுந்து சிரிச்சது. அவன்ர அம்மா அடுப்படியிலை காயவைச்சுத் தந்தவா. பிறகு நான் அவையைச் சிரிக்கவைக்க, பகிடிக்கெண்டே வெளியிலை விடுவன். வெளிக்கிடேக்கை, திரும்பி வா, வேலை எடுத்துத் தாறம் எண்டு அந்த வீட்டுக்காரர் சொன்னவை.”

அந்த வேலையை நம்பி அவர் அந்த வீட்டுக்கு எழுதிய பதினான்கு கடிதங்களுக்கும் முத்திரை குத்தியவன் நான். பதில் ஒன்றும் வரவில்லை. பதினான்காவது மட்டும், அந்த விலாசத்தில் அப்படி ஒருவரும் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

“எங்கை போயிருப்பினம் ஐயா?” என்று கேட்டார்.

வாசலில் சப்பாத்தை எடுத்தார். வழக்கமான மூன்று தட்டையும் எண்ணக் காத்திருந்தேன். ஒரு தட்டும் கேட்கவில்லை. அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போனவர் பிறகு வரவேயில்லை. உள்ளே தேள் இருந்திருந்தால் என்ற பயம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.