டோங்கி குடித்த எண்ணெய்

அந்தமானில் மரைன் ஹில்லில் இருந்த டாக்டரம்மா என்னை வேலைக்கு எடுத்தபோது இரண்டே கேள்விதான் கேட்டார். நடப்பீங்களா? நோட்டில் சரிக்குறி போடத் தெரியுமா?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இலங்கையில் தேயிலைத் தோட்டம், தூத்துக்குடியில் உப்பளம், பிறகு கப்பலேறி அந்தமானில் மரம் வெட்டும் முகாம் என்று எந்த ஊரிலும் இரண்டு வருஷம் தங்கியதில்லை. முகாமில் ஒரு படாக் மரத்துண்டு உருண்டு என் இடது காலில் இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது. அதற்குக் கட்டுப் போட்டவர் இந்த டாக்டரம்மாதான். "எட்டு விரல் போதும், நடப்பேன்" என்றேன். மறுவாரமே வேலை.

அது அறுபதுகளின் கடைசி. அவர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர், திருநெல்வேலிக்காரர். வைட்டமின் டி எலும்புக்கான சத்து என்றுதான் அன்றைக்கு டாக்டர்கள் சொல்வார்கள். இவருக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. புற்றுக்கட்டியை அறுத்து, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துத் திரும்பிய நோயாளிக்கு அந்தச் சத்தை விடாமல் கொடுத்துவந்தால் கட்டி மறுபடி வராமல் இருக்குமா? மெட்ராஸில் படிக்கும்போதே இதைக் கேட்டு எல்லோரிடமும் சிரிப்பு வாங்கியிருக்கிறார். மாத்திரைக்கு யாரும் பணம் ஒதுக்கவில்லை. சுறா ஈரல் எண்ணெயில் அந்தச் சத்து உண்டு, சுறா அந்தமானில் உண்டு. தண்டனை மாற்றல் என்று மற்றவர்கள் அழுதுகொண்டு வரும் ஊருக்கு இவர் மனுப்போட்டு வந்தார்.

மீன் ஷெட்டில் ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயில் ஒவ்வொரு டின்னிலிருந்தும் கொஞ்சம் மெயின்லேண்டுக்குப் போகும். சத்து எவ்வளவு என்று கடிதம் வந்த பிறகுதான் அந்த டின்னைத் திறப்பார். நான் அதைச் சீசாக்களில் ஊற்றிக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை நோயாளிகளின் வீடுகளுக்குப் போவேன். புரோத்ராபூர் பக்கம் பஸ். படகில் பம்பூஃபிளாட் தாண்டி, அங்கிருந்து பெரார்கஞ்ச். அதற்கு அப்பால் நடை. மழைக்காலத்தில் முழங்கால் வரை அட்டை ஏறும். உப்பும் சுண்ணாம்பும் பொட்டலம் கட்டி இடுப்பில் வைத்திருப்பேன்.

நோட்டில் ஒரு நோயாளிக்கு ஒரு பக்கம், ஒரு நாளைக்கு ஒரு கட்டம். தினமும் ஒரு ஸ்பூன் குடித்தார்களா என்று கேட்டு, ஏழு கட்டத்திலும் குறி போடவேண்டும். "குடிச்சீங்களா?" "குடிச்சேன்." ஒரே மூச்சில் ஏழு சரிக்குறி. காலில் ரத்தம் ஒழுக நிற்கிறவன் அதற்குமேல் என்ன விசாரிப்பான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பெரார்கஞ்சைத் தாண்டி உப்போடைக் கரையில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். கைதிக் கப்பலில் வந்த பாட்டனின் வழி. வீட்டில் ஹிந்தி, எனக்காகத் தமிழ். கன்னத்தில் இருந்த கட்டியை மெட்ராஸில் அறுத்து, கரண்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு வருஷமாகக் கட்டி திரும்பவில்லை. நோட்டிலேயே நல்ல பக்கம் அவளுடையது. டாக்டரம்மா மெயின்லேண்டு மாநாட்டுக்காக எழுதிக்கொண்டிருந்த கட்டுரை அந்தப் பக்கத்தின்மேல்தான் நின்றது. அது ஏறினால் அவருக்கு ஒரு ஆராய்ச்சி அறையும், மாத்திரையும், ஆளும் கிடைக்கும். இல்லாவிட்டால் மறுபடி சிரிப்பு.

கட்டுரை முடியும் தறுவாயில் நான் அவள் வீட்டுக்குப் போன அன்று மீன்பிடிக்கும் சின்னப் படகான டோங்கியைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அடிப்பலகை முழுக்கப் பளபளப்பு. கிட்டே போனதும் தெரிந்த வாடை. அந்த வாடையோடு நான் தினமும் படுத்து எழுகிறேன். எனக்குத் தப்பாது.

"தீதி, இது என்ன எண்ணெய்?"

"அரே பாயி, தெரிஞ்சுக்கிட்டே கேக்குறியா? நீ கொண்டுவர்ற தேல்தான். குங்கிலியம் போட்டுக் காய்ச்சிப் பூசுனா மரத்துல கீடா, புழு அண்டாது. ஷெட்டுல கேட்டா எல்லாம் டாக்டரம்மாவுக்குன்றான். அப்ப நாங்க டோங்கிக்கு என்ன பூசுறது?"

"அப்ப நீ குடிக்கவே இல்லையா?"

"முதல் வாரம் குடிச்சேன். குடல் வாய் வழியா வந்துடும்போல இருந்திச்சு. நீ குடிச்சிருக்கியா? இல்ல தானே? பேசாதே."

"தினம் குடிச்சேன்னு சொன்னியே!"

"நீ இம்புட்டு தூரம் மழையில வர்றே. இல்லைன்னு சொன்னா உன் மனசு என்ன ஆவும்? டாக்டரம்மாகிட்ட சொல்லாதே பாயி. நல்ல பொண்ணு, அழுதுடும்."

திரும்பும் படகில் நோட்டைத் திறந்து பார்த்தேன். எல்லாச் சரிக்குறியும் என் கையால் போட்டவை. அவள் சொன்ன பொய் சின்னது. கண்ணால் பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதியவன் நான்.

மரைன் ஹில்லில் டாக்டரம்மாவோடு ஒரு பெரிய டாக்டர் உட்கார்ந்திருந்தார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தவர், கட்டுரையை மாநாட்டில் ஏற்றிவிடப்போகிறவர். அவர் போகட்டும் என்று காத்திருக்கலாம். காத்திருந்தால் என் வாய் திறக்காது என்று எனக்குத் தெரியும். அங்கேயே நின்று சொல்லிவிட்டேன்.

பெரிய டாக்டர் என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"அஞ்சு."

"குறி போட்டது நீதானே? நோட்டு என்ன சொல்லுதோ அதுதான் ரெக்கார்டு. உன்னை யாரும் கேக்கல. வெளிய போ."

"நோட்டு சொல்றது என் பொய்ங்க. அதைத் திருத்தத்தான் வந்தேன். திருத்தாமப் போகமாட்டேன்."

"பார்த்தீங்களா டாக்டர், உங்க பியூன் எனக்கு ஆராய்ச்சி சொல்லித்தரான்!"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். என்னிடம், "மத்தவங்க?" என்றார்.

"தெரியாதும்மா. யார் குடிச்சதையும் நான் பார்க்கல."

அவர் மேஜைமேல் டைப் அடித்துக் கட்டிவைத்திருந்த கட்டுரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில முதல் படகு. நானும் வாரேன்."

நாலு நாள் வீடு வீடாகப் போனோம். புரோத்ராபூரில் ஒருவர் காளையின் குளம்புக்குப் பூசியிருந்தார். ஒரு வீட்டில் எல்லாச் சீசாவும் மூடி திறக்காமல் சாமிப் படத்துக்குக் கீழே வரிசையாக இருந்தன. சொட்டு விடாமல் குடித்தவர் ஒரே ஒருவர், பம்பூஃபிளாட்டில் தனியாக இருந்த குமாஸ்தா. டாக்டரம்மா முன்னாலேயே ஸ்பூனை நக்கிக் காட்டினார். அவருக்குத்தான் கட்டி திரும்ப வந்திருந்தது.

திரும்பும் வழியில், "அப்ப அந்தச் சத்து வேலை செய்யாதாம்மா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர வச்சு வேலை செய்யும்னும் சொல்ல முடியாது, செய்யாதுன்னும் சொல்ல முடியாது. எனக்கு ஒண்ணுமே தெரியலன்னு இப்பத்தான் தெரியுது. இத்தனை நாள் தெரிஞ்சமாதிரி எழுதிட்டு இருந்திருக்கேன்."

பெரிய டாக்டர் கப்பலேறும் முன் ஒரு வழி சொன்னார். குமாஸ்தாவின் பக்கத்தை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே அனுப்பலாம். டாக்டரம்மா, "அந்த ஒரு பக்கம்தான் உண்மை, அதைக் கிழிக்கச் சொல்லுதீங்க" என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர் கையிலேயே கடிதத்தைக் கொடுத்தார். இனி எதற்கும் தன்னிடம் வரவேண்டாம் என்று பெரிய டாக்டர் சொன்னதற்கு, டாக்டரம்மாவிடமிருந்து "சரி" என்று ஒரே சொல்.

பெரிய டாக்டரின் கோபம் பலித்தது. அறை வரவில்லை, ஆள் வரவில்லை. பிற்பாடு மெயின்லேண்டு போய் ஓய்வு பெறும்வரை டாக்டரம்மா அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கட்டுரையிலும் தெரிந்ததற்குமேல் ஒரு வரி எழுதியதில்லை என்று பெருமையாகக் கடிதம் போடுவார். நானும் அவர் மாற்றலாகும்வரை அந்த வேலையை விடவில்லை. என் வாழ்க்கையில் நான் இரண்டு வருஷத்துக்குமேல் நின்ற ஒரே இடம் அது.

ஆனால் அந்த வாரம் அவருக்கு மிஞ்சியது ஒரு புது நோட்டும் நானும். வேலை செய்யும் முறை மாறியது. தீவை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சில மாதம் என்று அங்கேயே தங்கி, நான் அந்தப் பகுதி நோயாளிகளிடம் தினமும் காலையில் போய் என் கையால் ஸ்பூனைக் கொடுத்து, விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். முதல் நாள் உப்போடை வீட்டுக்கு அவரும் வந்தார். கையில் ஒரு டின்.

"இது கசடு எண்ணெய். டோங்கிக்கு. ஷெட்டுல சொல்லிட்டேன், இனி இது உங்களுக்கு வரும். இந்த ஸ்பூன்ல இருக்கது உங்களுக்கு. கட்டாயம் இல்ல. குடிச்சா குடிச்சேன்னு எழுதுவோம், குடிக்கலன்னா குடிக்கலன்னு எழுதுவோம்."

"டாக்டரம்மா, நீங்க அழலையா?"

"அழுது முடிச்சாச்சு. வாயத் திறங்க."

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். இரண்டு நொடி எங்களையே முறைத்துப் பார்த்தாள். பிறகு ஓடைப் பக்கம் ஓடிப்போய் முழுவதையும் துப்பிவிட்டு, எனக்கும் என் வம்சத்துக்கும் ஹிந்தியில் நல்ல வசவு கொடுத்தாள்.

நான் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தின் முதல் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டேன். கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"நல்லா அழுத்திப் போடுங்க" என்றார். "நாம எழுதின முதல் உண்மை."