பெரிய கோயில் சுவரில் அம்மாவின் விரல்

மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பஸ் போர்டோ, ஆபீஸ் நோட்டீஸோ, மலையாளமோ, தமிழோ, நான்தான் அவளுக்கு வாசித்துச் சொல்வேன்.

போன லீவில் அவளைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கோபுரத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கொழுந்துக் கறை போகாத விரலைச் சுவரில் வைத்தாள். சுவர் முழுக்க வரிவரியாகக் கல்லில் வெட்டிய எழுத்து.

"ஏலே, இது தமிழ்தானே? என்ன போட்டிருக்குன்னு வாசி."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ராஜா, யானை என்று எதையாவது அளந்துவிட்டால் நம்பிவிடுவாள். தெரியாது என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை.

"பழைய எழுத்தும்மா. எனக்கு வாசிக்கத் தெரியல."

"இம்புட்டு படிச்சுமா?" அம்மா சிரித்துவிட்டாள். "அப்ப இங்க நீயும் நானும் ஒண்ணுதான். வா, சும்மா பாப்போம்."

என் கையைப் பிடித்து வெயில் ஏறிய கல்லில் வைத்தாள். ஆயிரம் வருஷத்து வரி கொஞ்சமும் கோணாமல் மூலைவரை ஓடியது. தொட்டபடியே நடந்தோம்.